15 வயதானால் காயலான் கடையா?

“காருக்கு 15 வயசு ஆயிடுச்சா? பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்!” 2021 ஆகஸ்டில் வாகன அழிப்புக் கொள்கை வந்த நாளிலிருந்து, பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த வசனம் இது.

15 ஆண்டு என்பது அரசு வண்டிகளுக்குத்தான் கறார். 2023 ஏப்ரல் முதல் அவற்றின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. சொந்தக் காருக்கு அந்த வயதில் முடிவது ஆர்.சி.யின் ஆயுள் மட்டுமே. எஃப்.சி.யில் தேறினால் ஐந்தாண்டு நீட்டிப்பு கிடைக்கும். அது முடிந்ததும் மறுபடி எஃப்.சி., மறுபடி ஐந்தாண்டு. பயத்தின் ஊற்றுக்கண் டெல்லி. அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் விழுந்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் நிவாரணம் தந்து, டிசம்பரில் அதை பிஎஸ்-4 புகைவிதிக்கும் அதற்குப் பிந்தைய விதிக்கும் உட்பட்ட வண்டிகளோடு சுருக்கியது. எல்லாமே டெல்லிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும்தான். வாட்ஸ்அப்பில் மட்டும் அது கன்னியாகுமரி வரை வந்துவிட்டது.

“பழைய கார் என்றாலே விண்டேஜ்தானே?”

இல்லை. 2021 ஜூலையில் சேர்த்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்ஜின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. நம்மூரில் பலர் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது நிபந்தனையில்தான். பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாமல் அம்பாசடரில் மேட்டடார் டீசல் எஞ்ஜின் ஏற்றாத ஊர் ஏது? அப்படி மாற்றிய வண்டி, வயதில் தாத்தாவானாலும் விண்டேஜ் பட்டியலில் ஏறாது. பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்று சொந்த எஞ்ஜினோடு ஷெட்டில் தூங்கினால், அதற்குத்தான் யோகம்.

“விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் கவலையில்லை”

அழிப்பு பற்றிய கவலை தீரும். ஓட்டுகிற சுகமும் கூடவே போகும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்கு, புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், அது ஒரு ஆறுதல். ஆனால் கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தவிர வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போய்வர விரும்புகிறவர், எஃப்.சி. தேறும்வரை சாதாரணப் பதிவிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

“பிஎஸ்-6 வந்தபின் பழைய கார் புகைச் சோதனையில் தேறாது”

பிஎஸ்-6 புதிதாகத் தயாராகும் வண்டிக்கான விதி. புகைச் சோதனையில் அந்தந்தக் காலத்து வண்டிக்கு அந்தந்த வரம்பு. பிஎஸ்-2க்கு முந்தைய பெட்ரோல் காரின் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம். பிஎஸ்-4 காருக்கோ 0.3தான். பழைய கார் பெரும்பாலும் தோற்பது வயதால் அல்ல. சோக்கை இழுத்தபடி, எஞ்ஜின் சூடாகுமுன்பே கருவியைப் புகைக்குழாயில் செருகவிட்டால் எண்கள் எகிறும். நன்றாக ஓட்டிச் சூடேற்றி, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, கார்புரேட்டரின் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருகிப் பாருங்கள். விவரமான மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரோடுதான் சோதனைக்கு வருவார்.

புகைவிதியை விட எனக்குக் கவலை தருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸ்களை ஊறவைத்து விரிசல் விடச் செய்யும். ஈரத்தை இழுத்து, மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்கில் துருவேற்றும்.

உண்மையில் அடி வாங்குவது இரண்டுங்கெட்டான் வயதில் நிற்கும் கார்கள்: கான்டெஸா, கடைசிக் காலத்துப் பத்மினி, மாருதி 800. 2025 ஆகஸ்ட் முதல், 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000-லிருந்து 10,000 ஆகிவிட்டது. இறக்குமதிக் காருக்கு 80,000. முதல் மாருதி 800 சாவி கைமாறியது 1983 டிசம்பரில். அதற்கு விண்டேஜ் தகுதி கிடைக்க 2033 முடிய வேண்டும். அதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலக வரிசைதான்.