மெஷினுக்கு இரவு கிடையாது

எங்கள் அடுக்ககத்தில் இந்த ஐப்பசியில் மட்டும் மூன்று வீட்டில் டீஹைட்ரேட்டர் வந்து இறங்கியிருக்கிறது. மூன்றாம் மாடிப் பெண் இரவு பதினொன்றரைக்கு வெண்டைக்காய்த் தட்டைப் படம் பிடித்து அனுப்பி, “ஆன்ட்டி, எடுத்துடலாமா?” என்கிறாள். படத்தைப் பார்த்து வத்தல் பதம் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு பதிலாகச் சொல்லி மாளவும் இல்லை. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். நாற்பது வருடம் மொட்டைமாடியில் வத்தல் போட்டவள், எட்டு வருடமாக மெஷினிலும் போடுகிறவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

1. முதலில், இந்த மெஷின் அடுப்பு இல்லை. அதில் வேலை செய்வது காற்று; சூடு அதற்கு எடுபிடி. சூடான காற்று ஈரத்தை வாங்கிக்கொள்ளும், விசிறி அதை வெளியே தள்ளும், இவ்வளவுதான் சங்கதி. காய்கறிக்கு 52 முதல் 57 டிகிரி செல்சியஸ். பழத்துக்கு 57. கறிவேப்பிலை, புதினா, முருங்கைக்கீரைக்கு 40 போதும். அதற்கு மேல் போனால் வாசனை உங்கள் ஹாலில் இருக்கும், இலையில் இருக்காது. மெஷினில் 70 வரைக்கும் எண் போட்டிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

2. அந்த 70-ஐத் தொட்டுப் பார்த்தவள் நான். வாங்கிய புதிது. இரண்டு கிலோ வெண்டைக்காய், மறுநாள் காலை மதுரைக்குப் பயணம். 55-இல் வைத்தால் விடிய விடிய ஓடும், 70-இல் வைத்தால் படுக்கப்போகும் முன் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நாலரை மணி நேரத்தில் தட்டைக் குலுக்கினால் சலசலவென்று சத்தம். ஆகா என்று அள்ளிப் பாட்டிலில் போட்டு மூடிவிட்டுக் கிளம்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்து மூடியைத் திறந்தால் ஈரத்துணி வாடை. ஒரு துண்டை நகத்தால் பிளந்தேன். வெளியே ஓடு மாதிரி விறைப்பு. நடுவில் விதையைச் சுற்றிக் கொழகொழப்பு அப்படியே இருக்கிறது, அதன்மேல் வெள்ளை நூலாகப் பூசணம். சூடு மிஞ்சினால் மேற்பக்கம் முந்திக்கொண்டு இறுகிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியே வர வாசலே இருக்காது. சலசலப்பு வெளித்தோலின் சத்தம்தான். அதை நம்பாதீர்கள்.

3. நாற்பது வருடம் மாடியில் காயவைத்தபோது இந்தத் தப்பு நடக்கவே இல்லையே, ஏன் என்று பிற்பாடு யோசித்தேன். வெயிலுக்கு இரவு இருக்கிறது. சாயங்காலம் முறத்தோடு உள்ளே எடுத்து வந்து வைப்போம். ராத்திரி அந்தத் துண்டு சும்மா கிடப்பதில்லை. நடுவில் இருக்கும் ஈரம் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து வரும். காலையில் தொட்டால் நேற்றைவிடக் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கும். “வத்தல் மூச்சு விட்டுருக்கு” என்பார் என் மாமியார். மறுநாள் வெயில் அந்த ஈரத்தைக் குடிக்கும். நெல்லை உலர்த்துகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: கொஞ்சம் காயவைத்து, குவித்து ஆறப்போட்டு, மறுபடி காயவைப்பார்கள். ஒரே மூச்சில் காய்ந்த நெல்லை அரைத்தால் அரிசி நொய்யாகிவிடும்.

மெஷினுக்கு இரவு கிடையாது. அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். முக்கால் பங்கு காய்ந்ததும் அணைத்துவிட்டு, மூடியபடியே இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். ஆனால் தொடக்கத்தில், முதல் நாலைந்து மணி நேரத்துக்குள், எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. பச்சை ஈரம் வெதுவெதுப்பில் கிடந்தால் புளித்து நாறிவிடும். அந்த நேரத்தில் கரண்டு போய், உடனே வராது என்று தெரிந்தால், தட்டில் இருப்பதை அள்ளி ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள்.

மணத்தக்காளி, சுண்டைக்காய், மோர்மிளகாய் மூன்றுக்கும் இரவு என்பது மோர்தான். பகலில் காய்ந்தது ராத்திரி உப்பு மோருக்குள் திரும்பிப் போகும். மோர் வற்றும்வரை மூன்று நாலு நாள் இப்படி. மெஷின் வந்துவிட்டது என்பதற்காக இந்த நடையைச் சுருக்க வேண்டாம். புளிப்பும் உப்பும் உள்ளே இறங்க அதற்கென்று நேரம் வேண்டும். விசிறியும் ஹீட்டரும் அடியில் இருக்கிற மெஷின் என்றால் மோரை நன்றாக வடித்துவிட்டுத் தட்டில் போடுங்கள், ஹீட்டரில் சொட்டினால் அந்த நாற்றம் ஒரு மாதம் போகாது.

4. நறுக்குவதில் அழகைவிடச் சமம் முக்கியம். 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல், எல்லாத் துண்டும் ஒரே பருமன். எனக்கு அரிவாள்மணையில் கை ஓடும்; உங்களுக்கு ஓடாது, கோபித்துக்கொள்ளாமல் ஸ்லைசர் வாங்கிக்கொள்ளுங்கள். தோல் மூடிய காயை முழுசாகப் போட்டால் மூன்று நாள் ஓட்டினாலும் காயாது. சுண்டைக்காயை அம்மிக்குழவியால் லேசாகத் தட்டி வாய் பிளக்க வைக்க வேண்டும், மிளகாயைக் கீற வேண்டும். திராட்சையைக் கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் தோல் விரிசல் விடும்.

5. பீன்ஸ், கேரட், பட்டாணி, கொத்தவரங்காய் இவற்றை ஆவியிலோ கொதிக்கிற உப்புத் தண்ணீரிலோ இரண்டு மூன்று நிமிடம் காட்டிவிட்டுக் காயவையுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த பிறகும் நிறமும் ருசியும் மாறிக்கொண்டே போகும். வெண்டை, தக்காளி, வெங்காயம், பூண்டு, மிளகாய்க்கு அந்த வேலை இல்லை. வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் எலுமிச்சைச்சாறு கலந்த தண்ணீரில் முக்கினால் கறுக்காது.

6. தட்டில் ஒரே அடுக்கு. ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. வாசனை தூக்கலான காயைப் பழத்தோடு சேர்த்தும் போடக் கூடாது. ஒரு முறை வெங்காயத்தையும் மாம்பழத்தையும் ஒன்றாகப் போட்டேன், பேரன் ஒரு துண்டு கடித்துவிட்டு, “பாட்டி, இது மாம்பழ பஜ்ஜியா?” என்றான்.

7. மெஷினை அடுக்களை மூலையில் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கதவு ஜன்னல் மூடிய அறையில் அது தள்ளுகிற ஈரக்காற்றையே மறுபடி இழுத்துக்கொண்டு சுற்றும். ஜன்னலோரம், அல்லது துணி துவைக்கும் பால்கனி. ஐப்பசி கார்த்திகையில் சென்னைக் காற்றே ஈரம். புத்தகத்தில் எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் இங்கே பத்து, பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் போடும் நாளில் பக்கத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லவில்லை. மாடி முழுக்கத் தும்மியது.

8. “எத்தனை மணி நேரம்?” என்பது தப்பான கேள்வி. “எத்தனை கிராம்?” என்று கேளுங்கள். கிச்சன் தராசு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். ஒரு கிலோ போட்டால் கடைசியில் 65 கிராம் அளவில் நிற்க வேண்டும். தராசு 110 காட்டினால், தொட்டுப் பார்க்க எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும், உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. வெண்டைக்காயில் தொண்ணூறு பங்கு. கிலோவுக்கு 105 முதல் 110 கிராம். அன்றைக்கு நான் ஒரு தராசில் வைத்திருந்தால் இரண்டு கிலோ குப்பைக்குப் போயிருக்காது.

கையால் பார்ப்பதென்றால் ஆறவைத்துப் பாருங்கள். சூட்டில் எல்லாமே மெத்தென்று ஏமாற்றும். ஆறிய காய் படக்கென்று ஒடிய வேண்டும். பழம் ஒடியாது, தோல் மாதிரி வளையும். பிய்த்து நசுக்கினால் ஈரம் கசியக் கூடாது.

9. காய்ந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வீர்கள். இல்லை. ஆறிய வத்தலைக் கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவுக்கு மேல் போகாமல் தளர நிரப்பி, மூடி, ஒரு வாரம் தினமும் ஒரு குலுக்கு. காயாத துண்டு ஒன்றிரண்டு எப்படியும் இருக்கும், அதன் ஈரத்தை மற்றவை பங்கு போட்டுக்கொள்ளும். பாட்டிலின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் தயங்காமல் எல்லாவற்றையும் மறுபடி மெஷினில் போடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் இதைச் செய்யாதீர்கள். வியர்வை கண்ணுக்குத் தெரியாது.

10. பாட்டில் மேல் தேதி எழுதுங்கள். “ஞாபகம் இருக்கும்” என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உப்பில் ஊறிய வத்தல் நம் ஊர் வெக்கையிலும் ஒரு வருடம் தாங்கும். உப்பில்லாமல் காயவைத்த காய்கறியை மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பழத்துக்கு ஆறு மாதம் வைக்கலாம். கேஸ் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரி வத்தலுக்கு எமன். இருட்டு, குளுமை, ஈரமில்லாத கரண்டி, வேறொன்றும் வேண்டாம்.

11. தேங்காய்த் துருவலைக் காயவைத்து அடுக்காதீர்கள். தண்ணீர் போகும், எண்ணெய் போகாது. நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். பாலும் முட்டையும் வீட்டு மெஷினுக்கு உரியவை அல்ல. இறைச்சியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசைந்து, கயிற்றில் கோத்து, உச்சி வெயிலில் உப்புக்கண்டம் போடுவோம். அதில் போடும் உப்பைப் பார்த்தால் உங்கள் டாக்டர் மயங்கிவிடுவார்; அந்த உப்புதான் காவல். உப்பைக் குறைத்து, பச்சைக் கறியை 55-இல் போட்டால் நீங்கள் கிருமிக்குச் சுகமான படுக்கை விரிக்கிறீர்கள். ஆட்டுக்கறி என்றால் உள்ளே 71 டிகிரி, கோழி என்றால் 74 ஏறும்வரை முதலில் வேகவையுங்கள். அதற்குப் பிறகு மெஷின். அதற்கும் பிறகு ஃபிரிட்ஜ்.

12. பூசணம் பிடித்த மிளகாயைத் துடைத்துவிட்டு வறுத்துவிடலாம் என்று யாராவது பெரியவர் சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் பெரியவர் நானாகவே இருந்தாலும். மிளகாயிலும் வேர்க்கடலையிலும் பிடிக்கும் ஒருவகைப் பூசணம் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை விட்டுப்போகும். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் பொரித்தாலும் அது முழுக்கப் போகாது. பாட்டிலோடு கொட்டுங்கள்.

13. கரண்டு கணக்கு. 500 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 5 யூனிட். சூடு வந்ததும் விட்டு விட்டு எரிவதால் பெரும்பாலும் அதற்கும் குறைவுதான். ஆனாலும் ஒரு தட்டு புதினாவுக்காக ஓட்டினால் கடையில் வாங்குவதே மலிவு. எல்லாத் தட்டும் நிறைகிற நாளில் ஓட்டுங்கள். தக்காளி விலை விழுந்து கூடையோடு தள்ளிவிட்டுப் போகிறார்களே, அந்த வாரம்தான் உங்கள் வாரம். காயவைத்துப் பொடித்தால் விலை ஏறும் மாதத்தில் ரசத்துக்கு ஒரு ஸ்பூன் போதும். கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் மெஷினில்தான் நன்றாக வரும். வெயிலில் பச்சை வெளுத்துவிடும், சத்தும் அதோடு போகும். இதை விற்கப் போகிறேன் என்று இரண்டாம் மாடிப் பெண் கிளம்பியிருக்கிறாள். சந்தோஷம், முதலில் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவை வாங்கு, பிறகு லேபிள் அடி.

14. கூழ்வடகத்துக்கு மட்டும் மெஷினிடம் போகாதீர்கள். போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஓரம் வெடிக்கிறது, எண்ணெயில் ஒரு பக்கம் பொரிந்து ஒரு பக்கம் கல்லாக நிற்கிறது. வடகத்துக்குப் பங்குனி சித்திரை வெயில்தான். பழைய நூல் வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, விடியற்காலையில் கூழை ஊற்றிவிட வேண்டும். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டால் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும், ஓரம் கிழியாது. அவசரப்பட்டுத் தண்ணீர் தெளிக்காமல் இழுத்தால் வேட்டிதான் கையோடு வரும். மறுநாள் தட்டில் பரப்பி இன்னொரு வெயில். காக்காய்க்குப் பயந்து ஒருத்தர் காவல் இருக்க வேண்டும். அதற்கு நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மொட்டைமாடிச் சாவி செக்ரட்டரியிடம் இருக்கிறது. கொடுக்க யோசிப்பார். தை மாதமே கேட்டு வையுங்கள்.