தீட்சை: அவிழ்க்காத காப்பு



மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு சமய முகாமில் நானும் சமய தீட்சை எடுத்துக்கொண்டேன். நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், காதில் குருவின் உபதேசம். வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் படம் காட்டினேன். அப்புறம் பல்கலைக்கழகம், ஹாஸ்டல், அசைன்மெண்ட். உருத்திராட்சம் மேசை டிராயருக்குள் போய்விட்டது.

போன தீபாவளி லீவுக்குச் செனாவாங் வந்தபோது பாட்டி கேட்டார்: "ஏன்யா, தீட்சை வாங்குனியே, அத வச்சு என்ன செய்யிற?"

எனக்குப் பதில் வரவில்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் கேட்ட அந்தக் கேள்விதான் இந்த மாதப் பாடம்.

சொல்லின் பிறப்பு

தீட்சை என்பது 'தீக்ஷா' என்ற வடசொல். சைவ நூல்களில் 'தீக்கை' என்றும் வரும். இதைத் தீ, கை என்று பிரித்து 'நெருப்புக் கை' என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தப்பு. வடசொல் தமிழ் ஓசைக்கு ஏற்ப மாறியதுதான் தீக்கை.

ஆகமம் படித்தவர்கள் சொல்லும் விளக்கம் இது: முதல் பகுதிக்குக் 'கொடுத்தல்', அடுத்த பகுதிக்குக் 'கெடுத்தல்'. அதாவது ஞானத்தைக் கொடுத்து மலத்தைக் கெடுப்பது. மொழி ஆய்வாளர்கள் இதை வேறு வகையாகப் பிரிப்பார்கள். ஆனாலும் சமயம் அந்தச் சொல்லுக்குள் எதைப் பார்த்தது என்பதை இந்த விளக்கம் காட்டுகிறது.

சொல் பழையது. வேத காலத்தில் சோம வேள்வி செய்ய வந்தவருக்கு முதலில் தீட்சை. தலைமுடி மழித்து, குளித்து, மான் தோல் மேல் கையை மூடி உட்காருவார். கருவில் இருக்கும் குழந்தை மாதிரி! பால்தான் உணவு; பொய் பேசக்கூடாது. வேள்வி முடிந்ததும் ஒரு நீராடல், அதோடு அந்த விரதம் முடியும். அப்படித் தீட்சை பெற்றவர் 'தீக்ஷிதர்'. தீட்சிதர் என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

நமக்கு இது புதுசா? தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறோமே! கட்டியதிலிருந்து விரதம், திருவிழா முடிந்ததும் காப்பு அவிழ்ப்பு.

சைவத்தில் தீட்சை

சைவ சித்தாந்தத்தில் இந்தச் சொல் இன்னும் ஆழமானது. மூன்று படிகள் உண்டு. சமய தீட்சை மந்திரம் ஓதி அனுட்டானம் செய்யும் தகுதியைத் தரும். விசேட தீட்சை சிவபூசை செய்யும் தகுதியைத் தரும். நிருவாண தீட்சை கட்டுகளை நீக்கி வீடுபேற்றுக்கு வழி காட்டும்.

குரு தரும் முறையும் பல. பார்வையால், தொடுவதால், நினைப்பால்கூட தரலாம். மீன் பார்த்தே முட்டையைப் பொரிக்கும், பறவை தொட்டு அடைகாக்கும், ஆமை நினைத்தே பொரிக்கும் என்று பெரியவர்கள் உவமை சொல்வார்கள்.

வேள்வி தீட்சை நீராடலோடு முடிந்தது. காப்பும் அவிழ்ந்துவிடும். ஆனால் சைவ தீட்சைக்கு அவிழ்ப்பு கிடையாது. நான் கோட்டை விட்டது இங்கேதான். முகாம் முடிந்ததோடு தீட்சையும் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அப்பர் பெருமானைப் பாருங்கள். சோழநாட்டு நல்லூரில் இறைவன் தன் திருவடியை அவர் தலைமேல் வைத்தான் என்கிறது பெரியபுராணம். இதைத் திருவடி தீட்சை என்பார்கள். அதைவிடப் பெரிய தீட்சை உண்டா? எல்லாம் கிடைத்துவிட்டது என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. கடைசியாகத் திருப்புகலூரில் இருந்தபோதும் கையில் உழவாரம்தான். கோயில் முற்றத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்.

செனாவாங் தொழிற்பேட்டையில் பயிற்சிக்குப் போனபோது முதல் நாள் பாதுகாப்பு விளக்கம் கொடுத்து, பிறகுதான் பாஸ் கொடுத்தார்கள். பாஸ் இருந்தால் மெஷின் பக்கம் போகலாம். ஆனால் தினமும் ஹெல்மெட், பூட்ஸ் போட வேண்டும். பாஸை வாங்கி டிராயரில் வைத்துவிட்டால் வேலை நடக்குமா? தீட்சையும் அப்படித்தான். அது தகுதியும் தரும், கடமையும் தரும்.

இப்போது உருத்திராட்சம் டிராயரில் இல்லை. காலையில் குளித்து, திருநீறு பூசி, பத்து நிமிஷம் ஐந்தெழுத்து. போன வாரம் இரண்டு நாள் தவறிவிட்டது, மறைக்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பவும் உட்கார்ந்தேன். அடுத்த லீவுக்குப் பாட்டியிடம் சொல்ல ஒரு பதில் இருக்கிறது.

குழுவில் பேச:

1. காப்புக் கட்டுவதற்கும் தீட்சைக்கும் உள்ள ஒற்றுமை என்ன, வேறுபாடு என்ன?
2. தீட்சை எடுத்தவர்கள்: அன்று தொடங்கிய எது இன்றும் நடக்கிறது?
3. எடுக்காதவர்கள்: எடுப்பதற்கு முன் தினமும் எந்த ஒன்றைச் செய்து பார்க்கலாம்?