பாடம் 9: காற்றாலைக் கைகள்

கற்கும் முன்
உங்களுள் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? எங்கே, யாரிடம் கற்றீர்கள்? இரண்டு தொடர்களில் கூறுக.

பாடம்
மாணவர்களே! ‘ஃப்ரீஸ்டைல்’ என்பதற்கு விரும்பிய முறை என்பது பொருள். இப்போட்டியில் எம்முறையிலும் நீந்தலாம். ஆயினும், குப்புறக் கிடந்து கைகளை மாற்றி மாற்றி வீசும் முறையே விரைவானது என்பதால், ஏறத்தாழ அனைவரும் அதனையே கையாளுகின்றனர். கை நீருக்கு மேலே வரும்போது முழங்கை மடங்கி உயர்ந்திருக்க வேண்டும். முன்கை தளர்ந்திருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் கற்பிப்பர். இதனால் தோளின் சுமை குறையும்.

அமெரிக்க வீராங்கனை ஜேனட் எவன்ஸ் இவ்வழக்கத்திற்கு மாறாக நீந்தினார். அவருடைய கைகள் மடங்காமல் நீண்டு, காற்றாலையின் இறக்கைகளைப் போலச் சுழன்றன. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியபோது அவருக்கு வயது 17. போட்டியாளர் பலரையும்விட உயரம் குறைந்த அவர், அங்கே 3 தங்கப் பதக்கங்களை வென்றார். 400 மீட்டர் தொலைவை 4 நிமிடம் 3.85 நொடியில் கடந்து உலகச் சாதனை படைத்தார். மறு ஆண்டு டோக்கியோவில் 800 மீட்டர் தொலைவை 8 நிமிடம் 16.22 நொடியில் கடந்தார். அச்சாதனையை 2008இல்தான் பிரிட்டனின் ரெபெக்கா அட்லிங்டன் முறியடித்தார்.

அவ்வாறாயின், நாமும் கைகளை நீட்டியே வீசலாமா? விடை கூறுமுன் ஒன்றை அறிய வேண்டும். நம்மை முன்னே செலுத்துவது நீருக்கு மேலே தெரியும் வீச்சு அன்று. நீருக்குள் கை நீரைப் பற்றிப் பின்னே தள்ளும் செயலே ஆகும். உயரம் குறைந்தவர் ஒரு வீச்சில் கடக்கும் தொலைவு பெரும்பாலும் குறைவு. எவன்ஸ் அதனை விரைந்த வீச்சுகளால் ஈடுசெய்தார். அவ்விரைவை இறுதிவரை தாங்கும் ஆற்றலை நெடுநாள் பயிற்சி அளித்தது. கையின் தோற்றத்தை மட்டும் பின்பற்றுவோருக்கு இவை கிடைக்கமாட்டா.

எனவே, முதலில் உடலை நீரில் கிடைமட்டமாக வைத்தல், நீருக்குள் மூச்சை விடுதல், பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழுத்தல் ஆகியவற்றில் தேர்ச்சி பெறுக. பின்னர்ப் பயிற்சியாளர் முன்னிலையில் இருமுறைகளிலும் 25 மீட்டர் நீந்துக. ஒவ்வொரு முறைக்கும் ஆன நொடிகளையும் வீச்சுகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்க. களைத்த பின்னும் அவ்வாறே செய்து பார்க்க. சில வாரங்களின் கணக்கைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும். தோளில் வலி தோன்றினால் உடனே நிறுத்துக.

தோற்றத்தில் வேறுபடுவதால் மட்டும் ஒரு முறை தவறாகிவிடாது. வென்றவருடையது என்பதால் மட்டும் அது நமக்குப் பொருந்திவிடாது.

சொற்பொருள்
கிடைமட்டம் – தரைக்கு இணையான நிலை
ஈடுசெய்தல் – குறையை வேறொன்றால் நிறைத்தல்
முறியடித்தல் – முந்தைய சாதனையைக் கடத்தல்

பயிற்சி
1. முழங்கையை மடக்கி வீசுவதன் பயன் யாது?
2. எவன்ஸ் தம் உயரக் குறைவை எவ்வாறு ஈடுசெய்தார்?
3. பிரித்து எழுதுக: இவ்வழக்கம், அவ்வாறாயின்.
4. உங்கள் நண்பர் வேறு முறையில் நன்றாக நீந்துகிறார். பயிற்சியாளர் அதனை மாற்றச் சொல்கிறார். நண்பர் பயிற்சியாளரிடம் பணிவுடன் கேட்கத்தக்க மூன்று வினாக்களை எழுதுக.