இணையத்தளம் திறக்கும் வேகமும் கூகுள் தேடலும்

எனது புடவைக் கடைக்கு இணையத்தளம் அமைத்தபோது அழகை மட்டுமே பார்த்தேன். கமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றினேன். ஒரு படம் 4 மெகாபைட். முதற் பக்கத்தில் மட்டும் பன்னிரண்டு படங்கள். "நானா, உங்கட சைட் திறபடுறதுக்குள்ள நான் வேற கடையில ஓடர் குடுத்திட்டன்" என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன பிறகே விழித்துக்கொண்டேன். அவராவது சொன்னார். சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

கூகுள் 2010 முதல் பக்கம் திறக்கும் வேகத்தையும் தேடல் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்கிறது. 2018 ஜூலையில் கையடக்கத் தொலைபேசித் தேடலுக்கும் இது வந்தது. பக்கத்தின் பிரதான படம் அல்லது எழுத்து 2.5 செக்கன்களுக்குள் தோன்றினால் நல்லது என்பது அதன் அளவுகோல். வேகம் இருந்தால் மட்டும் முதலிடம் கிடைத்துவிடாது. தேடுபவர் கேட்ட விடயம் பக்கத்தில் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்கப்படும். ஆனால் ஒரே சரக்கை விற்கும் இரு தளங்கள் போட்டியிடும்போது வேகமும் எடைபோடப்படும்.

கூகுளின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' இலவசமானது. தள முகவரியைக் கொடுத்தால் தாமதத்தின் காரணத்தைக் காட்டும். எனக்குப் படங்களையே காட்டியது. அகலத்தைக் குறைத்து 'வெப்பீ' வடிவத்துக்கு மாற்றியதும் ஒவ்வொன்றும் 150 கிலோபைட்டுக்குள் அடங்கின. கீழே உள்ள படங்களை, பார்ப்பவர் அங்கு வரும்போது மட்டும் திறக்கச் செய்தோம். மேலே தோன்றும் முதற் படத்துக்கு அப்படிச் செய்யக்கூடாது, அது தாமதத்தைக் கூட்டும். ஓடும் படங்களையும் நீக்கினேன். தளம் அமைத்துத் தந்த தம்பிக்குத்தான் மனவருத்தம்.

உங்கள் தளத்தைக் கடையின் வைஃபையில் அல்ல, பஸ்ஸில் போகும்போது சாதாரண தொலைபேசியில் திறந்து பாருங்கள்.