மாடிக்காற்றை நம்பி காற்றாலை வாங்கலாமா?

கேள்வி: சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறைகள் கட்டி, மாமல்லபுரம் வரும் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஏசி ஓடுவதால் மின்கட்டணம் கையைக் கடிக்கிறது. மத்தியானம் ஆனால் மொட்டைமாடியில் நிற்க முடியாத காற்று. கொடியில் போட்ட துணி பக்கத்துத் தோப்பில்தான் கிடக்கும். மாடியில் வைக்கிற சின்னக் காற்றாலை என்று ஒருவர் வந்து விலை சொல்லிவிட்டுப் போனார். வாங்கலாமா? இவ்வளவு காற்றடிக்கும் எங்கள் கரையில் அரசாங்கம் ஏன் பெரிய காற்றாலைகளை வைக்கவில்லை? இன்னொன்றும் உண்டு. என் மாமியாருக்கு வள்ளியூர் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். காற்றாலைக்காரர்கள் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். "காத்தாடி வந்த பிறகுதான் மழையே போச்சு" என்கிறார் மாமியார். காற்றாலை நல்லதுதான் என்கிறார் என் கணவர். நிலத்தைக் கொடுக்கலாமா ஐயா?

— ஒரு வாசகி, சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: அம்மா, முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். முன்பணம் கொடுக்கவில்லை என்றால் நிம்மதியாக இருங்கள்.

காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தோடு மும்மடிப் பெருக்கமாகக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகம் பாதியானால் கிடைப்பது எட்டில் ஒரு பங்குதான். காற்றாலைத் தொழிலின் லாபமும் நட்டமும் முழுக்க இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். உங்களிடம் வந்தவர் "ஒரு கிலோவாட் மெஷின்" என்று சொல்லியிருப்பார். நொடிக்கு 11, 12 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால்தான் அந்த ஒரு கிலோவாட் வரும். அது மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகம். துணியைத் தோப்பு வரை தூக்கிச் செல்ல அவ்வளவு வேகம் தேவையில்லை. வீட்டு மாடி உயரத்தில் நாள் முழுவதற்குமான சராசரியை நொடிக்கு 4 மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் விட்டமுள்ள இறக்கைகள் அதிலிருந்து எடுத்துத் தருவது ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டித்தான் இருக்கும். ஏசியை ஒரு மணி நேரம் ஓட்டினால் அது தீர்ந்துவிடும்.

வீட்டு மாடி இந்தக் கணக்கையும் இன்னும் கீழே இறக்கும். தென்னை, பக்கத்து வீடு, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர் என்று எதில் மோதினாலும் காற்று சுழலும். சுழல்காற்றில் இறக்கை திசை தெரியாமல் திரும்பித் திரும்பியே தேய்ந்து போகும். அதன் அதிர்வு கம்பத்தின் வழியாகத் தளத்தில் இறங்கி, கீழே படுத்திருக்கும் விருந்தாளியின் தூக்கத்தைக் கெடுக்கும். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை உங்கள் ஜன்னல் கம்பிகளே சொல்லும். பேரிங்கும் இழுகம்பியும் அதற்குத் தப்பாது. புயலையும் மறக்கக் கூடாது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையேறியது. 1998 ஜூனில் குஜராத்தின் போர்பந்தர் கடற்கரையைத் தாக்கிய புயல், பொறியாளர்கள் கணக்குப் போட்டு நிறுத்திய பெரிய காற்றாலைகளையே பல இடங்களில் சாய்த்தது. கைப்பிடிச் சுவரில் நாலு போல்ட் போட்டு நிறுத்திய கம்பத்தை நம்பி அந்த வீட்டில் எப்படிப் படுப்பது?

அதே மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட்டால் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வரும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் கிடைக்கிறது. மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான் என்பதால், வாடகை அறைகள் எந்த இணைப்பில் ஓடுகின்றன என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தகடுகளைத் தாங்கும் சட்டத்தைப் புயலிலும் அசையாதபடி தளத்தோடு பிணைக்கச் சொல்லுங்கள். படியும் உப்பை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. இந்தக் கரையில் வசிப்பவர்கள் பலர் கேட்பதுதான். நீங்கள் அனுபவிப்பது கடற்காற்று. வெயில் ஏறித் தரை சூடானதும் கடலிலிருந்து கிளம்பி, பொழுது சாய்ந்ததும் தணிந்துவிடும். ஒரு நாளில் அதற்குச் சில மணி நேரம்தான் பலம். பெரிய காற்றாலைக்கு வேண்டியது மாதக்கணக்கில் இரவும் பகலும் விடாமல் வீசும் காற்று. அதைத் தருவது தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறிக்கிறது. மலை விட்டுக்கொடுக்கும் இடங்களில் மட்டும் அது நெருக்கிக்கொண்டு பாய்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய், தேனிப் பக்கத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் இந்த வாசல்களில்தான் குவிந்திருக்கின்றன. அதே காற்று தீபகற்பத்தைக் கடந்து செங்கல்பட்டுக்கு வரும்போது களைத்துவிடுகிறது.

காற்றை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இந்தக் கரையில் இடமில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றிக் கட்டுப்பாடுகள். மாமல்லபுரத்தின் பல்லவர் சின்னங்கள் 1984-லிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. அவற்றைச் சுற்றியும் கட்டுமானத் தடை. கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் வேறு. தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் மணல் இது. மேற்கே வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஏரிக்கு ஏரி பறக்கும் பாதையில் இறக்கைகளைச் சுழல விடலாம் என்று யாராவது வந்து சொன்னால் நான் கடைசி வரை எதிர்ப்பேன்.

ஆனால் இந்த மாவட்டத்துக்கும் காற்றாலைக்கும் தொடர்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அந்த முறையில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். மறைமலை நகர் ஆலைகள், சிறுசேரி அலுவலகங்கள், உங்கள் ஏசி எல்லாமே தொகுப்பு மின்சாரத்தில் ஓடுகின்றன. ஆனி, ஆடியில் அந்தத் தொகுப்பில் தெற்கத்திக் காற்று கலந்திருக்கிறது. 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கியது இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் வளர்ந்திருக்கிறது.

உங்கள் கணவர் சொல்வது சரி. காற்றாலையால் பெரிய நன்மை உண்டு. கரி எரிப்பதில்லை, சாம்பல் குளம் வேண்டாம், குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம். செய்வது, நிறுத்துவது, கழற்றுவது எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு சுமார் 12 கிராம். நிலக்கரியில் அது 800 கிராமைத் தாண்டும். எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவில் வாழும் குடும்பங்களைப் பார்த்த எவரும் இந்த வித்தியாசத்தை வெறும் எண்ணாக நினைக்க மாட்டார்கள்.

குறை என்று முதலில் சொல்ல வேண்டியது, காற்று நம் தேவையைக் கேட்டு வீசுவதில்லை என்பது. ஓடும்போது கல்பாக்கத்து உலை இரவும் பகலும் ஒரே சீராகத் தருகிறது. காற்றாலை வைகாசி முதல் புரட்டாசி வரை கொட்டிக் கொடுத்துவிட்டு, மீதி மாதங்களில் பெரும்பாலும் சும்மா நிற்கிறது. மாநிலத்தின் மின்தேவை உச்சத்துக்குப் போகும் ஏப்ரல், மே மாலைகளில் அதை நம்ப முடியாது. ஆடியில் தொகுப்பு ஏற்க முடியாத அளவுக்குக் காற்று வரும்போது சுழலும் இறக்கையை நிறுத்தச் சொல்லும் நாட்களும் உண்டு. எனக்கு மிகவும் வலிக்கும் வீணடிப்பு அதுதான். இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. உபரி மின்சாரத்தில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இத்தனை காற்றாலைகள் வந்த பிறகும் அதைப் போல இன்னும் பலவற்றை நாம் கட்டி முடிக்கவில்லை.

இன்னொரு சிக்கல் பழைய இயந்திரங்கள். 1990-களில் வருமான வரிச் சலுகைக்காக நூற்பாலைகளும் வியாபாரிகளும் போட்டி போட்டு நிறுத்திய சின்னச் சின்னக் காற்றாலைகள், ஆரல்வாய்மொழியில் மிக நல்ல காற்றுள்ள நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் காலத்து 250 கிலோவாட் இயந்திரம் நின்ற காற்றில் இன்று அதைப் போலப் பத்து மடங்கு திறனுள்ளது நிற்கலாம். ஆளுக்கொரு காற்றாலை, ஆளுக்கொரு துண்டு நிலம் என்று இருப்பதால் பேசி முடிப்பது கடினமாக இருக்கிறது. பழையதை மாற்றிப் புதியது நிறுத்துவதற்கென்று மாநில அரசு 2024-ல் ஒரு கொள்கை வெளியிட்டது. கழற்றும் கண்ணாடி இழை இறக்கைகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்விக்கும் இன்னும் சரியான பதில் இல்லை.

உயிரினங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் சால்கேவாடி பீடபூமியை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழகத்தினர் 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். காற்றாலைகள் உள்ள பகுதியில் பருந்து, வல்லூறு இனங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவை இரையாக்கும் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. இறக்கையில் அடிபட்டுச் சாகும் பறவைகளை எண்ணுவதோடு நிறுத்தினால் இந்த மாற்றம் கண்ணில் படாது.

இப்போது உங்கள் மாமியாரின் மழை. அவர் பார்த்தது பொய்யில்லை. மேகம் கூட்டம் கூட்டமாக வரும், பெய்யாமல் போகும், கீழே காத்தாடி சுழன்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போடுவது இயல்பு. ஆனால் காரணம் மலை. தென்மேற்குப் பருவத்து ஈரத்தை மலையின் மேற்குப் பக்கம் வாங்கிக்கொள்கிறது. கிழக்கே வள்ளியூருக்கு வருவது காற்றும் காலி மேகமும்தான். காற்றாலை வருவதற்கு முன்பும் அது மழை மறைவுப் பிரதேசம். பெரிய காற்றாலையின் இறக்கை நுனி இருநூறு மீட்டர் உயரம் போகலாம். மழை மேகமோ கிலோமீட்டர் கணக்கில் அடுக்கடுக்காக எழுவது. உங்கள் மாமியார் ஊருக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகை. அப்போது அந்தக் காத்தாடிகளில் பெரும்பாலானவை சும்மா நிற்கும். மழைக் குறைவுக்கு அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் அந்த ஊர்க்காரர்களின் கோபத்தில் வேறு நியாயம் இருக்கிறது, அதைக் கேட்க வேண்டும். காற்றாலையின் அடிப்பீடம் பிடிக்கும் நிலம் கொஞ்சம்தான், சுற்றிலும் உழலாம், மேய்க்கலாம். வில்லங்கம் அதற்குப் போகும் பாதையில் தொடங்குகிறது. ராட்சத இறக்கை ஏற்றிய வண்டி திரும்புவதற்காக வரப்பு அழியும். ஓடையை மண் போட்டு மூடினால் அதற்குக் கீழே உள்ள குளத்துக்கு வரத்து நின்றுபோகும். குளம் வறண்டால் "மழை போச்சு" என்றுதான் சொல்வார்கள்! பிறகு கோபுரங்கள், தலைக்கு மேல் கம்பிகள், இரவில் ஓயாத இரைச்சல். குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை நிறுத்தக்கூடாது என்பது மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல். மின்சாரம் நம் பக்கம் வந்துவிடுகிறது, இந்தத் தொல்லையெல்லாம் அவர்களோடு தங்கிவிடுகிறது. அந்த ஊர்களுக்கு வருமானத்தில் நிரந்தரப் பங்கு கிடைக்கும்படி சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடலில் நிறுத்தினால் தொல்லை தீருமா என்று கேட்பவர்கள் உண்டு. குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கு உதவ மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நம் மாநிலத்தில் அதற்குப் பார்க்கப்படுவது மன்னார் வளைகுடாப் பக்கம், உங்கள் கரை இல்லை. அங்கே பவளப்பாறையும் கடல்பசுவும் உண்டு, மீனவர்களின் பாடு உண்டு. அவர்களை உட்கார வைத்துப் பேசாமல் ஒரு தூணையும் இறக்கக்கூடாது.

நிலத்துக்கு வருகிறேன். கொடுக்கலாம். ஆனால் விற்காதீர்கள், குத்தகைக்கு விடுங்கள். இடையில் நிற்கும் தரகரிடம் எதையும் முடிக்காமல், காற்றாலை நிறுத்தப்போகும் நிறுவனத்தோடு நேரடியாகப் பேசுங்கள். குத்தகை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஓடும் என்பதால் தொகை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இவ்வளவு உயரும் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். பத்திரத்தை உங்களுக்கு வேண்டிய வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பாதை எந்த வழியாகப் போகும், ஓடையின் குறுக்கே தண்ணீர் தாராளமாகப் போகிற அளவுக்குக் குழாயோ பாலமோ யார் செலவில் போடுவது, காலம் முடிந்ததும் இயந்திரத்தையும் கான்கிரீட்டையும் யார் எடுத்துத் தருவது: இந்த மூன்றும் பத்திரத்தில் வராத வரை மாமியாரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.