மெல்லத் தொடங்கி விரைந்து முடிக்கும் ஓட்டம்

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்குப் பயிற்சி பெறுகிறவர்கள் தினமும் தொடக்கம் முதலே பாய்ந்து ஓடுவார்கள் என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு விளையாட்டு விழாவில், 1500 மீட்டர் பந்தயத்தில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த மூவரும் முதல் சுற்றில் எல்லோருக்கும் முன்னால் ஓடிக் கைதட்டல் வாங்கினோம். ஐந்தாம் சுற்றில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மற்ற இருவரும் கடைசியாக வந்து சேர்ந்தோம். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கென்யா நாட்டில் இட்டென் என்னும் மலையூர் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம். அங்குள்ள புனித பேட்ரிக் பள்ளிக்கு 1976ஆம் ஆண்டு அயர்லாந்திலிருந்து பூகோளம் கற்பிக்க வந்தார் சகோதரர் காம் ஓகானெல் என்னும் துறவி. ஓட்டப் பயிற்சி அளிக்க அவர் தனியே எதுவும் படித்தவரல்லர். மாணவர் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அவரிடம் பயின்ற பீட்டர் ரோனோ 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரிலும், டேவிட் ருடிஷா 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும் தங்கம் வென்றனர். அவர் பெண்களுக்கும் பயிற்சி அளித்தார் என்று அறிந்தபோது எங்களுக்கு உள்ளூர ஒரு பெருமை!

இந்த மலைப்பகுதியில் மாரத்தான் வீரர்கள் விடியற்காலையில் கூட்டமாகக் கிளம்புவார்கள். தொடக்கத்தில் அவர்களுடைய வேகம் மிகவும் குறைவு. நாமும் கூடவே ஓடிவிடலாம் போலிருக்கும். பின்னர் சிறிது சிறிதாக வேகம் ஏறும். கடைசிக் கிலோமீட்டர்களில் பந்தயத்தைப் போலவே பறப்பார்கள். இதற்குப் புரோகிரஷன் ரன் என்று பெயர்.

இதிலென்ன பயன்? நம் தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு உண்டு. வேகமாக ஓடினால் அது விரைவில் கரையும். மெதுவாக ஓடினால் உடல் கொழுப்பையும் சேர்த்து எரிக்கும். மாரத்தானில் முதலிலேயே பாய்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் 30 கிலோமீட்டரை ஒட்டி இச்சேமிப்பு தீர்ந்து, கால்கள் ஈயமாய்க் கனக்கும். மெல்லத் தொடங்குவதால் தசைகளும் நன்கு சூடேறுகின்றன. களைத்த கால்களை வேகமாக இயக்கவும் உடல் பழகுகிறது. 2018இல் பெர்லினில் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 39 விநாடியில் உலக சாதனை படைத்தார் அல்லவா? அதில் முதல் பாதிக்கு 61 நிமிடம் 6 விநாடி. இரண்டாம் பாதிக்கு 60 நிமிடம் 33 விநாடிதான்.

12 கிலோமீட்டர் ஓடுவதாயின் நான்கு நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நான்கு மிக எளிதாக, அடுத்த நான்கு சற்று விரைவாக, கடைசி நான்கு பந்தய வேகத்தில். கடிகாரம் இல்லாவிட்டால் பேச்சே அளவுகோல். முதற் பகுதியில் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இறுதியில் இரண்டொரு சொல்தான் வர வேண்டும். நாங்கள் பேச்சுக்குப் பதிலாக 'அருள் நிறைந்த மரியே' செபத்தைச் சொல்லிப் பார்த்தோம். இதைக் கேட்டு சிஸ்டர் சிரித்தார்கள். ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை.

எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர். முதற் சனிக்கிழமை பழைய வழக்கப்படி பன்னிரண்டு சுற்று ஓடினோம். எங்களில் ஒருத்திக்கு மும்மூன்று சுற்றுகளுக்கு ஆன நேரம்: 2 நிமிடம் 50 விநாடி, 3.20, 3.55, 4.10. மொத்தம் 14 நிமிடம் 15 விநாடி. மூன்று வாரம் புதிய முறையில் பழகிய பின் அவளுக்கே 3.50, 3.35, 3.20, 3.00. மொத்தம் 13 நிமிடம் 45 விநாடி. முப்பது விநாடி குறைந்துவிட்டது!

இதில் கடினமானது கடைசிச் சுற்று என்று நினைப்பீர்கள். இல்லை, முதல் மூன்று சுற்றுகள்தான். எட்டாம் வகுப்புத் தங்கைகள் எங்களைத் தாண்டி ஓடி, திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகவே ஓடினோம். ஒன்பதாம் சுற்றில் அவர்களுள் நால்வர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தனர்.

சென்ற ஆண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டவளுக்கு மட்டும் இன்னும் பொறுமை வரவில்லை. விசில் ஊதியதும் பாய்ந்துவிடுகிறாள். அதனால் இப்போதெல்லாம் அவளை நடுவில் விட்டு, இருபுறமும் நாங்கள் இருவரும் செபம் சொல்லிக்கொண்டே ஓடுகிறோம்.