முதலில் காலைப் பாருங்கள், பிறகு வெயிட் வையுங்கள்

அதிர்வு கூடியதும் பேலன்சிங் ஆளைக் கூப்பிடாதீர்கள். பெருந்துறைப் பக்கம் நான் வேலை பார்த்த புராசஸிங் மில்லில், பாய்லர் ஐ.டி. ஃபேனின் பேரிங்குகளையும் கப்ளிங்கையும் அந்த அவசரம்தான் தின்றது.

1480 சுற்றில் ஓடும் 75 கிலோவாட் ஃபேன். பெடஸ்டலில் வினாடிக்கு 7.8 மி.மீ. அதிர்வு. பழைய ஐஎஸ்ஓ 10816-3 கணக்குப்படி, உறுதியான அடித்தளத்தில் நிற்கும் இந்த அளவு இயந்திரத்துக்கு 4.5-ஐத் தாண்டினாலே ஆபத்து. வெளியிலிருந்து வந்தவர் ஸ்பெக்ட்ரம் எடுத்தார். சுழல் வேகமான 24.7 ஹெர்ட்சில் ஒரே ஒரு பீக். “அன்பேலன்ஸ்தான் சார்” என்று இம்பெல்லரில் வெயிட்டைப் பற்றவைத்தார். ரீடிங் இறங்கியது, பில் பாஸானது. சில வாரங்களில் பழைய கதை. மறுபடியும் அவரே, மறுபடியும் வெயிட்.

செங்குத்து ரீடிங் கிடைமட்டத்தைவிட அதிகம் என்று நான் அப்போதே சொன்னேன். அன்பேலன்ஸ் என்றால் பொதுவாகக் கிடைமட்டம்தான் கூடும். பெடஸ்டல் அந்தத் திசையில்தான் இளக்கம். மேலும் கீழும் குதிக்கிறதென்றால் காலில் பிடிப்பில்லை. அச்சடித்த ரிப்போர்ட்டுக்கு இருந்த மதிப்பு என் பேச்சுக்குக் கிடைக்கவில்லை.

பேரிங் மறுபடி போன பிறகுதான் என்னிடம் விட்டார்கள். சென்சாரைப் பெடஸ்டல் காலில், பேஸ் பிளேட்டில், கான்கிரீட்டில் என்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். காலிலும் பிளேட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, கான்கிரீட்டில் சொற்பம். பிளேட்டுக்கு அடியில் கிரவுட் பொடிந்து கிடந்தது. புதிதாக ஊற்றி, காய்ந்ததும் போல்ட்டுகளை முறுக்கி, அலைன்மென்ட் பார்த்து ஓட்டினோம். அடி உறுதியானதும் அவர் வைத்த வெயிட்டே அன்பேலன்ஸாக நின்றது. அதை வெட்டி எடுத்த பிறகு 1.9.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: சென்சார் வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிக் குறியிடுங்கள், எப்போதும் அதே லோடில் எடுங்கள், பேலன்சிங்குக்கு முன் இம்பெல்லரில் ஒட்டிய சாம்பலைத் தட்டுங்கள். பேரிங்கின் ஆரம்பப் பழுது அதிர்வு வேக ரீடிங்கில் தெரியாது. என்வலப் ரீடிங்கும் எடுங்கள்.

ஒரே பீக்கைக் காட்டி வெயிட் வைக்க வருபவரிடம் செங்குத்து, கிடைமட்டம், அச்சுத்திசை மூன்று ரீடிங்கையும் ஃபேஸையும் கேளுங்கள். தரவில்லையென்றால் ஃபேனில் கை வைக்க விடாதீர்கள்.